தகப்பன் கட்டத்தில் எசமான் பெயர்: அமெரிக்க அடிமைப் பிறப்புப் பதிவுகளைப் படிக்கும் முறை

வர்ஜீனியா மாநிலத்தின் 1850-களைச் சேர்ந்த பிறப்புப் பதிவேட்டில் தந்தை பெயருக்கென்று ஒரு கட்டம் உண்டு. அதன் தலைப்பை முழுதாகப் படித்தால்தான் விஷயம் புரியும்: தந்தையின் பெயர், பிள்ளை அடிமையாகப் பிறந்திருந்தால் உரிமையாளரின் பெயர். இரண்டும் ஒரே கட்டத்தில் வருகின்றன. பள்ளிச் சான்றிதழ் முதல் பத்திரப் பதிவு வரை த/பெ என்று படித்தே பழகிய நமக்கு அந்த இடத்தில் ஒரு பெயரைக் கண்டதும் அப்பா என்று எழுதக் கை போய்விடும். அங்கே கையை நிறுத்தக் கற்றுக்கொள்வதுதான் இந்த ஆய்வில் முதல் பாடம்.

அடிமைப்படுத்தப்பட்டோரின் பிறப்பைப் பதிந்த காகிதங்கள் பெரும்பாலும் அந்தப் பிள்ளையை உடைமையாகவோ உழைப்பாகவோ கணக்கில் கொண்டவர்கள் எழுதவைத்தவை. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று வர்ஜீனியா 1662-லேயே சட்டம் போட்டது. மற்றக் காலனிகளும் அதே வழியில் போயின. ஆகவே தகப்பன் யார் என்பது அந்த எழுத்தர்களுக்குத் தேவைப்படவில்லை. தாய் யார் என்பது தேவைப்பட்டது, ஏனென்றால் பிள்ளை யாருக்குச் சொந்தம் என்பதை அவளை வைத்தே தீர்மானித்தார்கள். கொடுமையான காரணத்துக்காக எழுதப்பட்டாலும், தாயின் பெயர் நமக்கு மிஞ்சியிருக்கிறது. எந்தப் பதிவை எடுத்தாலும் அந்தப் பெயரிலிருந்தே தொடங்குங்கள்.

எந்தச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்டது?

மாநிலத்தையும் ஆண்டையும் தெரிந்துகொள்ளாமல் ஒரு வரியைக்கூட சரியாகப் படிக்க முடியாது. பதிவுகள் பொதுவாக இரண்டு வகை.

முதல் வகை, தெற்கு மாநிலங்களின் வருடாந்தரப் பதிவேடு. வர்ஜீனியா 1853-ல் மாநிலம் முழுவதும் பிறப்பு, இறப்புகளைப் பதியச் சட்டம் இயற்றியது. ஆண்டுக்கு ஒருமுறை சொத்து வரிக் கணக்கெடுக்க வீடு வீடாகப் போன வரி அதிகாரியே போன ஆண்டில் பிறந்தவர்களையும் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு கவுண்டி (நம் மாவட்டம் போன்ற உட்பிரிவு) நீதிமன்றக் கிளார்க்கிடம் அந்தப் பட்டியல் போயிற்று. வெள்ளையர், சுதந்திரக் கறுப்பினத்தார், அடிமைகள் மூவரும் ஒரே ஏட்டில் வருவார்கள். கெண்டக்கியும் 1852-ல் இதே போன்ற பதிவைத் தொடங்கியது. ஒரு சிறு குறிப்பு: மேற்கு வர்ஜீனியா 1863 ஜூனில்தான் தனி மாநிலமானது. தேடும் கவுண்டி இன்று மேற்கு வர்ஜீனியாவில் இருந்தால் 1853 முதல் 1863 வரையான ஏடுகளும் அந்த மாநிலப் பதிவுகளோடுதான் கிடைக்கும். வர்ஜீனியாவில் இல்லை என்று கைவிடுமுன் இதைப் பாருங்கள்.

இரண்டாம் வகை, அடிமை முறையைப் படிப்படியாக ஒழித்த வட மாநிலங்களின் பிறப்புச் சான்றுகள். இங்கே பிள்ளை சட்டப்படி அடிமை இல்லை. ஆனால் சட்டம் குறித்த வயது வரும் வரை தாயின் எசமானுக்கு வேலை செய்ய வேண்டும். அந்த உழைப்பு உரிமையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் எசமான் பிறப்பைப் பதிந்தார். இதில் தேதிகளே எல்லாம்:

பென்சில்வேனியா: 1780 மார்ச் 1-இல் நிறைவேறிய சட்டம். அதற்குப் பின் பிறந்த பிள்ளை 28 வயது வரை வேலை செய்ய வேண்டும். அப்போது அடிமைகளாக இருந்தவர்களை 1780 நவம்பர் 1-க்குள் பதிய வேண்டும். பிள்ளைகளின் பிறப்பைப் பதியும் கட்டாயம் 1788 திருத்தத்தில்தான் வந்தது. ஆகவே 1780-க்கும் 1788-க்கும் இடையே பிறந்தவர்கள் பல ஆண்டுகள் கழித்துப் பதியப்பட்டிருப்பதைக் கண்டு மலைக்க வேண்டாம்.

நியூயார்க்: 1799 ஜூலை 4-க்குப் பின் பிறந்தவர்களில் ஆண் 28, பெண் 25 வயது வரை. பிறந்த ஒன்பது மாதத்துக்குள் நகர அல்லது ஊர்க் கிளார்க்கிடம் சான்று. 1817-இல் வந்த சட்டம், அதற்குப் பின் பிறப்பவர்களுக்கு இதை 21 ஆக்கியது. 1827 ஜூலை 4-இல் நியூயார்க்கில் எல்லோரும் விடுதலையாகிவிட்டார்கள் என்று எழுதிவிடுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். 1799-க்கு முன் பிறந்த அடிமைகளுக்குத்தான் அன்று விடுதலை. 1810-ல் பிறந்த ஒரு பையனுக்குச் சட்டப்படியான கெடு 1838 வரை போகும்.

நியூஜெர்சி: 1804 ஜூலை 4-க்குப் பின் பிறந்தவர்கள். ஆண் 25, பெண் 21. ஒன்பது மாதத்துக்குள் சான்று, ஆனால் இங்கே கவுண்டி கிளார்க்கிடம். ஊர் ஊராகத் தேடாமல் கவுண்டி ஏட்டைத் தேடுங்கள்.

ஒரு வரியைப் பிரித்துப் படித்தல்

விளக்கத்துக்காக அமைத்த ஒரு வர்ஜீனியா வரியை எடுத்துக்கொள்வோம். பிறந்த நாள்: 1859 செப்டம்பர் 12. பெயர்: ஹென்றி. நிலை: அடிமை. ஆண். உயிருடன் பிறந்தது. அடுத்து, தந்தை அல்லது உரிமையாளர் கட்டத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெயர். அதற்கு முன்னால் சிறிய எழுத்தில் 'எஸ்டேட்' என்பதன் சுருக்கம். தாய்: லூசி. தகவல் தந்தவர்: வேறொரு பெயர். உறவு: முகவர்.

'எஸ்டேட்' என்ற சுருக்கம் உரிமையாளர் இறந்துவிட்டார், சொத்து இன்னும் பிரிக்கப்படவில்லை என்பதைச் சொல்கிறது. அடுத்து நீங்கள் போக வேண்டிய இடம் அதுவே காட்டிவிடும்: அதே கவுண்டியின் உயில் ஏடும் சொத்து மதிப்பீட்டுப் பட்டியலும். அந்தப் பட்டியலில் லூசியும் கைக்குழந்தை ஹென்றியும் சேர்த்து ஒரே தொகைக்கு மதிப்பிடப்பட்டிருக்கலாம். 'லூசியும் பிள்ளையும்' என்று ஒரு வரியில் டாலர் கணக்கு வருவதைப் படிக்க நெஞ்சு கனக்கும். ஆனால் தாய் பிள்ளை உறவுக்கு அதைவிட உறுதியான சாட்சி கிடைப்பது அரிது.

கடைசி இரண்டு கட்டங்களைப் பலர் பார்ப்பதே இல்லை. தகவல் தந்தவர் உரிமையாளராக இல்லாமல் முகவராகவோ, மேற்பார்வையாளராகவோ, வாடகைக்கு எடுத்தவராகவோ இருந்தால், லூசி உரிமையாளர் வீட்டில் இல்லாமல் வேறிடத்தில் இருந்திருக்கலாம். அடிமைகளை ஓர் ஆண்டு ஒப்பந்தத்தில் வெளியே வாடகைக்கு விடுவது வழக்கம். புத்தாண்டில் தொடங்கி கிறிஸ்துமஸோடு முடியும். வாடகைக்கு எடுத்தவர் தன்னிடம் பிறந்த பிள்ளையைத் தன் பெயரிலேயே சொல்லிவிட, அடுத்த ஆண்டு அதே தாய் வேறொருவர் பெயரின் கீழ் வருவாள். விற்கப்பட்டாள் என்ற முடிவுக்கு உடனே போகாதீர்கள். வரிப்பட்டியல், வாடகைப் பத்திரம், காப்பாளர் கணக்கு இவற்றில் ஏதாவது ஒன்றைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். உரிமையாளரின் மனைவி தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த அடிமைகள், அறங்காவலர் பெயரில் எழுதிவைத்த அடிமைகள் இவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. பதிவேட்டில் கணவன் பெயர் இருக்கும். பத்திரமோ மாமனார் பெயரில் கிடக்கும்.

இதையெல்லாம் அச்சடித்த இன்டெக்ஸிலிருந்து படிக்க முடியாது. 1930-களில் வேலையற்றோருக்கான கூட்டாட்சித் திட்டத்தின் கீழ் வர்ஜீனியா அடிமைப் பிறப்புகளுக்கு ஒரு பட்டியல் தயாரித்தார்கள். தேட அது உதவும். ஆனால் பெயரைக் கண்டுபிடித்த பின் மூல ஏட்டின் படத்தைப் பார்த்தே தீர வேண்டும். இணையத் தளங்களின் இன்டெக்ஸ்களில் இன்னொரு தொல்லை, உரிமையாளரின் குடும்பப் பெயரைப் பிள்ளைக்கே ஒட்டிவிடுவது. பெயர் வைக்காத குழந்தைகளும் நிறைய உண்டு. அவர்கள் பெயர்த் தேடலில் அகப்பட மாட்டார்கள். உரிமையாளர் பெயரால் தேடி, ஒவ்வோர் ஆண்டின் பக்கங்களையும் வரி வரியாகப் புரட்டியே பிடிக்க வேண்டும்.

கையெழுத்து

'ஜே'யும் 'ஐ'யும் ஒன்றுபோலவே இருக்கும். லூசியும் சூக்கியும், மில்லியும் நெல்லியும் குழம்பும். நல்ல வழி ஒன்று: அதே கிளார்க் எழுதிய மாதப் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி, மார்ச், செப்டம்பர், நவம்பர் என்று நமக்குச் சந்தேகமில்லாத சொற்கள் அவை. அவற்றின் முதலெழுத்துகளை ஒரு தாளில் வரைந்துவைத்துக்கொண்டு பெயர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 'டிட்டோ' குறி வந்தால் மேலே எந்த வரி வரை போகிறது என்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். பக்கம் மாறும்போது அது முந்தைய பக்கத்தின் கடைசி வரியைக் குறிக்கலாம். வட மாநிலச் சான்றுகளில் 'இன்ஸ்டன்ட்' என்பதன் சுருக்கம் இதே மாதம். 'அல்டிமோ'வின் சுருக்கம் போன மாதம். சான்றில் ஏப்ரல் 3 என்று தேதியிட்டு, பிள்ளை 'அல்டிமோ 20' பிறந்ததாக எழுதியிருந்தால் பிறந்த நாள் மார்ச் 20.

தேதியை எவ்வளவு நம்பலாம்?

வட மாநிலச் சான்றில் மூன்று தேதிகள் இருக்கும்: பிள்ளை பிறந்தது, எசமான் கையெழுத்திட்டது, கிளார்க் ஏட்டில் ஏற்றியது. மூன்றையும் தனித்தனியாகக் குறியுங்கள். நியூயார்க்கிலும் நியூஜெர்சியிலும் இடைவெளி ஒன்பது மாதத்தைத் தாண்டினால் அது தாமதப் பதிவு, அபராதம் உண்டு. எல்லைத் தேதியை ஒட்டிய பிறப்புகளைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். நியூஜெர்சியில் 1804 ஜூலை 3-இல் பிறந்த பிள்ளைக்கு அந்தச் சட்டத்தால் ஒரு பயனும் இல்லை, ஆயுள் அடிமை. ஜூலை 5-இல் பிறந்த பிள்ளைக்குக் கெடு உண்டு. தேதியை எழுதிக்கொடுத்ததோ அதனால் லாபமோ நட்டமோ அடையும் எசமான். ஞானஸ்நானப் பதிவு ஏதாவது இருந்தால் அதோடு ஒப்பிடாமல் ஏற்காதீர்கள்.

கெடு முடியும் தேதியையும் உடனே கணக்கிட்டுப் பக்கத்தில் எழுதிவிடுவது நல்லது. நியூஜெர்சியில் 1806 ஆகஸ்ட் 10-இல் பிறந்த பெண் என்றால் 1827 ஆகஸ்ட் 10; அதே நாளில் பிறந்த ஆண் என்றால் 1831 ஆகஸ்ட் 10. அதற்கு முன் அந்தப் பிள்ளையின் 'மீதி ஆண்டுகள்' விற்கப்பட்டிருக்கலாம். விற்பனைப் பத்திரத்தில் 'இத்தனை ஆண்டுகள் பாக்கி' என்று வரும் எண்ணைப் பிறந்த நாளோடு பொருத்தினால் ஆள் அவரா என்று தெரிந்துவிடும்.

நியூயார்க்கிலும் நியூஜெர்சியிலும் எசமான் பிள்ளையைப் பராமரிக்க மாட்டேன் என்று 'கைவிடுதல்' அறிவிப்புக் கொடுக்க முடிந்தது. ஓராண்டு முடிவதற்குள் பிள்ளை ஊர் ஏழைகள் காப்பாளர் (ஏழைகளைப் பராமரிக்கும் ஊர் அதிகாரி) பொறுப்புக்குப் போகும். ஏட்டைப் பார்த்து, தாயிடமிருந்து பிரித்துவிட்டார்கள் என்று முடிவு செய்துவிடாதீர்கள். பல நேரம் காப்பாளர்கள் அதே பிள்ளையை அதே எசமான் வீட்டிலேயே வைத்தார்கள். நியூயார்க்கின் 1799 சட்டப்படி அதற்காக மாதம் மூன்றரை டாலர் அரசுப் பணம் போனது. காகிதத்தில் கைவிட்டுப் பணத்தைக் கையில் வாங்கிய வேலை அது. ஆகவே கைவிடுதல் அறிவிப்பைக் கண்டால் ஊரின் ஏழைகள் காப்பாளர் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். பணம் பெற்றவர் பெயர் அங்கே இருக்கும்.

நியூஜெர்சியில் பதிவான பிள்ளை அதற்குப் பிறகு எங்குமே தென்படவில்லை என்றால் தெற்கே பாருங்கள். 1818-ல் மிடில்செக்ஸ் கவுண்டியின் நீதிபதி ஜேக்கப் வான் விக்கிள் உடந்தையாக இருந்து, பலரைச் சம்மதம் தந்ததாகக் காகிதம் தயாரித்து லூசியானாவுக்குக் கப்பலேற்ற உதவினார். குழந்தைகளும் அதில் உண்டு. 1808 முதல் கடற்கரையோரமாக அடிமைகளை ஏற்றிச்சென்ற கப்பல்கள் பெயர், வயது, பால், உயரம், நிறம் எழுதிய பட்டியல் தர வேண்டியிருந்தது. நியூஆர்லியன்ஸ் துறைமுகத்துக்கு வந்த பட்டியல்களில் அந்த வயதுப் பிள்ளையைத் தேடலாம்.

வர்ஜீனியா ஏட்டில் சிக்கல் வேறு. வரி அதிகாரி வந்தபோது எசமான் நினைவிலிருந்து சொன்ன தேதி அது. மாதம் மட்டும் இருக்கும். சில நேரம் ஆண்டே தவறும். ஒரே பிள்ளை அடுத்தடுத்த இரண்டு ஆண்டு ஏடுகளில் இருமுறை வருவதுண்டு. வராமலே போன பிறப்புகளும் உண்டு. ஏட்டில் இல்லை என்பதால் பிறக்கவில்லை என்று சொல்ல முடியாது.

தாயை வைத்து அடுக்குங்கள்

ஓர் உரிமையாளரின் கீழ் 1853 முதல் 1865 வரை வரும் எல்லாப் பிறப்புகளையும் ஒரு தாளில் எழுதி, தாய் பெயர்வாரியாகப் பிரித்து, தேதி வரிசையில் அடுக்குங்கள். பிறகு இடைவெளிகளைப் பாருங்கள்.

'மேரி' என்ற தாயின் கீழ் 1854 மார்ச், 1856 ஜனவரி, 1856 ஜூன், 1857 டிசம்பர், 1858 பிப்ரவரி என்று ஐந்து பிள்ளைகள் வருவதாக வைத்துக்கொள்வோம். ஜனவரிக்கும் ஜூனுக்கும் ஐந்து மாதம். டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் இரண்டு மாதம். ஒரு தாயால் முடியாது. முதலில் இரட்டைப் பதிவா என்று பாருங்கள்: பிள்ளைகளின் பெயரும் பாலும் வேறாக இருந்தால் அது இரட்டைப் பதிவு இல்லை, அந்த வீட்டில் இரண்டு மேரிகள். மேரி அ, மேரி ஆ என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் பிள்ளை யாருடையது என்பதை இந்தத் தேதிகள் மட்டும் சொல்லாது. எப்படிப் பிரித்தாலும் இடைவெளி பொருந்துகிறது. அதை அப்படியே திறந்துவைக்க வேண்டும். உயிலிலோ மதிப்பீட்டுப் பட்டியலிலோ 'பெரிய மேரி', 'சின்ன மேரி' என்று வந்தால் அப்போது முடிச்சு அவிழும். அவசரப்பட்டு ஐந்தையும் ஒரே தாயிடம் சேர்த்துவிட்டால் அதற்குக் கீழே வரும் தலைமுறை முழுவதும் கோணலாகிவிடும்.

சுருக்கப் பெயர்களும் இங்கே குறுக்கே வரும். பாலி என்பவள் மேரியாகவும், பேட்ஸி மார்த்தாவாகவும், சூக்கி சூசனாகவும், பெக்கி மார்கரெட்டாகவும், பெட்ஸி எலிசபெத்தாகவும் இன்னோர் ஏட்டில் இருக்கலாம். வட மாநிலங்களில் கஃபி, குவாக்கோ, கட்ஜோ, ஜூபா போன்ற பெயர்கள் மேற்கு ஆப்பிரிக்காவின் அக்கான் மக்கள் பிறந்த கிழமையை வைத்துச் சூட்டும் பெயர்கள்: கஃபி வெள்ளி, குவாக்கோ புதன், கட்ஜோ திங்கள். இப்பெயர் இருப்பது குடும்பம் ஒரு பெயரை விடாமல் காத்ததைக் காட்டலாம். ஆனால் அதை மட்டும் வைத்து இன்ன நாட்டிலிருந்து வந்தவர் என்று எழுத முடியாது. பாட்டி பெயரைப் பேத்திக்கு வைத்தது அங்கேயும் நடந்தது. ஓர் அபூர்வப் பெயர் இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை திரும்ப வந்தால் அதை நல்ல துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தகப்பனைப் பற்றி ஏடு மௌனமாகவே இருக்கும். 'முலாட்டோ' (கறுப்பர், வெள்ளையர் கலப்பு) என்று நிறம் குறித்திருந்தால்கூட எசமானே தகப்பன் என்று ஆகாது. அது எழுதியவர் கண்ணுக்குப் பட்ட நிறம். எசமானாக இருந்திருக்கவும் கூடும். வேறு சான்று கிடைக்கும் வரை அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவதே நேர்மை.

1860-லிருந்து 1870-க்கு

ஹென்றிக்குத் திரும்புவோம். 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமை அட்டவணையில் உரிமையாளர் பெயர் இருக்கும். அடிமைகளுக்குப் பெயர் இராது, வயதும் பாலும் நிறமும் மட்டும். கணக்கெடுப்பு ஜூன் 1-ஐ வைத்து எடுக்கப்பட்டது. கைக்குழந்தைகளின் வயது பன்னிரண்டில் இத்தனை என்று பின்னமாக வரும். 1859 செப்டம்பர் 12-இல் பிறந்தவன் 1860 ஜூன் 1-இல் எட்டு மாதம் முடிந்தவன். ஆக 8/12 என்று ஓர் ஆண் குழந்தையைத் தேடுங்கள். 9/12 அல்லது 1 என்று இருந்தாலும் தள்ளிவிட வேண்டாம். அட்டவணை பெரும்பாலும் மூத்தவரிலிருந்து இளையவர் என்று போகும். அடுத்தடுத்த வரிகளில் இருப்பவர்கள் ஒரு குடும்பம் என்று எண்ணாதீர்கள். அந்த வயதில் யாருமே இல்லையென்றால் முதலில் 1859-60 இறப்பு ஏட்டைப் பாருங்கள், பிறகு விற்பனைப் பத்திரங்களை. எஸ்டேட் பிரிக்கப்பட்டிருந்தால் வாரிசுகள் ஒவ்வொருவரின் அட்டவணையையும் பார்க்க வேண்டும்.

விடுதலை பெற்றவர்கள் எல்லோரும் பெயரோடு வரும் முதல் கணக்கெடுப்பு 1870. ஹென்றிக்கு அதில் 10 வயது. ஒன்றிரண்டு வயது முன்பின் இருக்கலாம். குடும்பப் பெயர் கடைசி எசமானுடையதாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முந்தைய எசமானுடையதாக, தகப்பனுடையதாக, தாங்களே தேர்ந்ததாக, எதுவாகவும் இருக்கலாம். ஆகவே குடும்பப் பெயரை விட்டுவிட்டு அமைப்பைத் தேடுங்கள்: லூசி என்ற தாய், ஹென்றி, பிறப்பு ஏட்டில் கண்ட மற்றப் பிள்ளைகள், அதே வயது வரிசை, அதே கவுண்டி. மூன்று நான்கு பெயர்கள் சேர்ந்து பொருந்தினால் பிடித்துக்கொள்ளலாம். 1870 கணக்கெடுப்பில் உறவு முறை எழுதும் கட்டம் கிடையாது. அது 1880-ல்தான் வந்தது. ஆகவே 1880-ஐயும் பக்கத்தில் வைத்தே படியுங்கள்.

இடைவெளியை அடைக்க இரண்டு ஏடுகள் உண்டு. வர்ஜீனியாவில் 1866-ல் விடுதலைபெற்ற தம்பதிகளின் வாழ்க்கையைத் திருமணமாக அங்கீகரித்தபோது எழுதிய ஏடுகள். சில கவுண்டிகளுக்கே மிஞ்சியுள்ளன. கணவன், மனைவி, பிள்ளைகள், வயது, பிறந்த இடம், கடைசி எசமான் எல்லாம் அதில் வரும். தகப்பன் பெயர் முதன்முதலாகக் கிடைப்பது பெரும்பாலும் அங்கேதான். மற்றது 1865 முதல் 1874 வரை இயங்கிய விடுதலைபெற்றோர் சேமிப்பு வங்கியின் கணக்கு ஏடுகள். பெற்றோர், உடன்பிறந்தோர் பெயரெல்லாம் கேட்டு எழுதியிருப்பார்கள்.

எழுதிவைக்கும்போது

மென்பொருளில் எசமானைத் தந்தை இடத்தில் போடாதீர்கள்; 'உரிமை கோரியவர்' என்று தனிக் குறிப்பாகப் போடுங்கள். குடும்பப் பெயர் தெரியாவிட்டால் அந்த இடம் காலியாக இருக்கட்டும். மூல வாசகத்தை அதன் சொற்களோடும் பிழைகளோடும் அப்படியே படியெடுத்து, உங்கள் விளக்கத்தை வேறு பத்தியில் எழுதுங்கள். படியெடுப்பில் 'அடிமை' என்று இருப்பதை மாற்றக் கூடாது. உங்கள் சொந்த வாக்கியத்தில் 'அடிமைப்படுத்தப்பட்டவர்' என்று எழுதுங்கள். ஏட்டின் பெயர், கவுண்டி, ஆண்டு, பக்கம், வரி எண் ஐந்தும் ஒவ்வொரு பதிவோடும் இருக்க வேண்டும். தாயின் பெயரை முதல் வரியில் வையுங்கள்: லூசியின் மகன் ஹென்றி.